அடைக்கலம் கிடைத்த பிறகு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. திருக்குடும்பத் திருவிழா. நற்செய்தி: மத்தேயு 2:13-23)



வீடுகளில் குடில்கள் இன்னும் கலைக்கப்படவில்லை. நட்சத்திர விளக்குகள் இன்னும் எரிகின்றன. ஆனால் நம் கடற்கரை ஊர்களில் இதே நாள்களில் மெழுகுவர்த்திகள் வேறொரு காரணத்துக்காகவும் ஏற்றப்படுகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் மாண்டவர்களை நினைத்து, கடலில் பாலூற்றி, மலர் தூவி மக்கள் அழும் நாள்கள் இவை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28 மணிக்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து அலை நம் கரைக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் நம் மக்களை யாரும் எச்சரிக்கவில்லை. எச்சரிப்பதற்கென்று ஓர் அமைப்பும் அன்று இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். இன்றைய மயிலாடுதுறை மாவட்டமும் சேர்ந்திருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர்.

இறந்தவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று பிழைத்தவர்களைப் பற்றிச் சிந்திப்போம். எல்லாவற்றையும் இழந்த பிறகு ஒரு மனிதர் எப்படி எழுந்து நிற்கிறார்? அவர் எழுவதற்கு எது உதவுகிறது, எது தடையாகிறது? இந்தக் கேள்வி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நம் கேள்வி. குடிசை தீப்பற்றினால் நம் கேள்வி. ஒரே விபத்தில் குடும்பத் தலைவரை இழந்த வீடு நம் தெருவில் இருந்தால், அதுவும் நம் கேள்விதான்.

அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி

2004 டிசம்பர் 26 அன்று திருச்சபை கொண்டாடியது திருக்குடும்பத் திருவிழா. அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தி, இன்று நாம் தியானிக்கும் இதே மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம். ஏரோது குழந்தையைத் தேடிக் கொல்லப் பார்க்கிறான் என்று வானதூதர் யோசேப்பைக் கனவில் எச்சரிக்கிறார். யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். ஏரோது இறந்த பிறகு திரும்பி வருகிறார்.

ஓர் அழிவிலிருந்து ஓடித் தப்பிய குடும்பத்தின் கதையை ஆலயங்களில் வாசித்த அதே காலையில்தான், நம் கடற்கரையில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஞாயிறு வாசகத்தில் நடுவே மூன்று வசனங்கள் விடப்பட்டிருக்கும். பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் கொல்லப்பட்டதையும், இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்ததையும் கூறும் வசனங்கள் அவை. அவற்றைத் திருச்சபை டிசம்பர் 28 அன்று, மாசில்லாக் குழந்தைகள் விழாவில் வாசிக்கிறது. 2004-லும் அப்படித்தான் வாசித்தது. அந்த நாளில் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் பெரிய குழிகள் வெட்டி, உடல்களை ஒன்றாக அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த நற்செய்தியில் யோசேப்பின் பயணம் மூன்று நிலைகளைக் கொண்டது. முதலில் எகிப்து, அதாவது அடைக்கலம். அடுத்து காத்திருப்பு, அதற்குள் இராகேலின் அழுகையும் இருக்கிறது. கடைசியில் நாசரேத்து, அதாவது புதிய வீடும் தொழிலும். பிழைத்தவர்கள் நடக்கும் வழியும் இதுவே. உதவி செய்யப் போகும் நம்மில் பலர் முதல் நிலையோடு திரும்பி வந்துவிடுகிறோம்.

எகிப்து: அடைக்கலம்

அடைக்கலம் என்ற சொல்லை ஏலாக்குறிச்சி மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அடைக்கல அன்னையின் பெயரால் விளங்கும் ஊர் இது. வீரமாமுனிவர் இவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்தார். அவர் 3,615 பாடல்களில் பாடிய தேம்பாவணியின் தலைவரும், தன் குடும்பத்தோடு அந்நிய நாட்டில் அடைக்கலம் புகுந்த யோசேப்புதான். வளன் என்று அவருக்குத் தமிழில் பெயர் சூட்டினார் முனிவர்.

ஆழிப்பேரலை வந்த நாளில் நம் மக்கள் அடைக்கலம் தந்தார்கள். பள்ளிக்கூடங்கள், திருமண மண்டபங்கள், ஆலயங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள் எல்லாம் திறந்தன. உள்ளூர் மக்கள் உலை வைத்துச் சோறு வடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நீங்கள் யார், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. முதல் சில நாள்களில் உயிர்களைக் காத்தது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் தந்த இந்த உதவிதான்.

ஆனால் அடைக்கலம் தருவதிலும் தவறு நேரும். அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். அப்போது நான் இளம் குரு. பங்கு இளைஞர்களோடு வீடு வீடாகப் போய்ப் பழைய துணிகளைச் சேர்த்தேன். ஒரு லாரி நிறைந்தது. பெருமையோடு நாகப்பட்டினத்துக்குப் போனோம். போகும் வழியெல்லாம் சாலையோரத்தில், எங்களுக்கு முன் வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போன துணிகள் குவியல் குவியலாக மண்ணில் கிடந்தன. எடுத்துப் பார்க்க ஆளில்லை. கடலோடு கௌரவமாக உழைத்து வாழ்ந்த மக்கள், பிறர் உடுத்திக் கழித்ததை ஏன் எடுக்க வேண்டும்?

முகாமில் ஓர் அம்மாவிடம் ஒரு புடவையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "துணி வேணாம் ஃபாதர். எம்புள்ளைங்க ரெண்டு பேரு. அதுங்க பேரை எழுதிக்குங்க. சாமிகிட்ட சொல்றப்போ பேரு சொல்லிச் சொல்லுங்க" என்றார். என்னிடம் பேனா இருந்தது, தாள் இல்லை. லாரி வாடகை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு லாரித் துணியில் அந்த அம்மாவுக்கு வேண்டியது எதுவும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டிருக்கவும் இல்லை.

இராகேலின் அழுகை

பேரிடர் நடந்த முதல் வாரங்களில் பிழைத்தவர்களிடம் காணும் சில குணங்கள் நமக்குப் புதிராக இருக்கும். சிலர் அழவே மாட்டார்கள். சிலர் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுவார்கள். "தண்ணி வருது" என்று யாரோ கத்தினால் முகாம் முழுவதும் ஓடும். சிலருக்குக் காரணமின்றிக் கோபம் வரும். ஆண்கள் பலர் குடியில் விழுந்தார்கள். நிவாரணப் பணம் வீட்டுக்கு வராமல் அங்கே போனதும் உண்டு.

இவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது. தாங்க முடியாததைத் தாங்கிய மனமும் உடலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தினர் அப்போது நம் கடற்கரைக்கு வந்து, உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கே பயிற்சி தந்தார்கள். அவர்கள் முதலில் கற்றுக்கொடுத்தது கேட்பது. பேச விரும்புகிறவரைப் பேச விடுவது. பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாமல் அருகில் இருப்பது. தூக்கம், சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு ஏதேனும் ஒரு வேலை என்று நாளுக்கு ஓர் ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவருவது. பெரும்பாலோர் குடும்பத்தாரும் ஊராரும் உடனிருக்க மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். மாதங்கள் கடந்தும் தேறாதவர்களுக்கு மருத்துவர் வேண்டும். அவரிடம் அழைத்துப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

பிழைத்தவர்களை அதிகம் வதைப்பது ஒரு கேள்வி: நான் மட்டும் ஏன் பிழைத்தேன்? ஓடும்போது பிடியிலிருந்து பிள்ளை நழுவிய தாய், ஆண்டுகள் கழித்தும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். யோசேப்பை நினைத்துப் பாருங்கள். பெத்லகேமில் அவர் பிள்ளை தப்பியது, அண்டை வீட்டுப் பிள்ளைகள் தப்பவில்லை. அந்தச் செய்தி எகிப்தில் அவர் காதுக்கு எட்டியபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நற்செய்தி சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நாம் பேசும் ஆறுதல் வார்த்தைகளே சில நேரம் காயமாகிவிடுகின்றன. "எல்லாம் கடவுள் சித்தம்", "அழாதே, உனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதே" என்கிறோம். இராகேல் ஆறுதல் பெற மறுத்தாள் என்று நற்செய்தி எழுதுகிறது. அதற்காக அவளைக் கண்டிக்கவில்லை. அவள் அழுகையை அப்படியே பதிவு செய்துவைத்திருக்கிறது. ஆறுதல் பெற மறுக்கும் உரிமையும் துயருற்றவருக்கு உண்டு.

யார் செய்த பாவம்?

அலை ஓய்ந்ததும் மக்கள் நடுவே எழுந்த கேள்வி இது. இன்றும் எந்த விபத்து நடந்தாலும் எழுகிறது.

அன்று வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும், வழியில் கடை வைத்திருந்தவர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் நன்றி கூறுவது நியாயம். ஆனால் உள்ளே இருந்தவர்களை அன்னை காப்பாற்றினார், வெளியே நின்றவர்களைக் கைவிட்டார் என்று பேசினால் அது பெரும் அநீதி. கடலில் குளித்துவிட்டு வரலாம் என்று போனவரும் அதே அன்னையைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அவர் கையிலும் மெழுகுவர்த்தி இருந்திருக்கும்.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு இதற்குப் பதில் தருகிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே உறுதியாகச் சொல்கிறார். இறந்தவர்களின் பாவக் கணக்கைப் பார்க்கும் வேலையை அவர் நமக்குத் தரவில்லை. உயிரோடு இருக்கும் நாம் நம் வாழ்வைத் திருத்திக்கொள்ளவே அழைக்கிறார்.

பாதிக்கப்பட்டவர் காதில் இது தண்டனை என்று விழுந்தால் அவர் எழுவது கடினம். உன் தவறு அல்ல என்று அவருக்கு அடிக்கடி சொல்ல வேண்டும். நூறு முறை கேட்டால் நூறு முறையும் சொல்ல வேண்டும்.

நாசரேத்து: தொழிலுக்குத் திரும்புதல்

ஏரோது இறந்த பிறகு யோசேப்பு திரும்புகிறார். ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை. யூதேயாவில் அர்க்கெலா ஆட்சி செய்கிறான் என்று அஞ்சி, கலிலேயாவில் நாசரேத்துக்குப் போய்க் குடியேறுகிறார். அச்சம் அவரை விட்டுப் போய்விடவில்லை. அச்சத்தோடுதான் எழுந்தார், நடந்தார், தச்சுவேலை செய்து குடும்பத்தைக் காத்தார்.

நம் மீனவர்களும் அச்சத்தோடுதான் கடலுக்குத் திரும்பினார்கள். வாரக்கணக்கில் பலர் கடல் பக்கமே போகவில்லை. அலைச் சத்தம் கேட்டால் உறக்கம் வரவில்லை. படகும் வலையும் எஞ்சினும் போய்விட்டன. பிடித்து வந்த மீனையும் வாங்க ஆளில்லை. கடலில் பிணங்கள் கிடந்தன, அந்த மீனை எப்படிச் சாப்பிடுவது என்று உள்நாட்டு மக்கள் வாங்க மறுத்தார்கள். கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்றுப் பிழைத்த பெண்களுக்கு அலைக்குப் பின் இது இரண்டாவது அடி.

அரசும் தொண்டு நிறுவனங்களும் புதிய கண்ணாடியிழைப் படகுகளைத் தந்தன. நல்ல எண்ணத்தோடு தந்தார்கள். ஆனால் பல ஊர்களில் தேவைக்கு மேல் படகுகள் குவிந்தன. முன்பு ஒரு படகில் கூலிக்குப் போன நால்வர் ஆளுக்கொரு படகுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். தொழிலுக்குத் துணை போக ஆள் கிடைக்கவில்லை. எண்ணெய்ச் செலவு ஏறியது, பங்கு குறைந்தது. கட்டுமரத்துக்கு எண்ணெய் தேவைப்பட்டதில்லை. கணக்குப் பார்த்துக் கொடுத்த உதவிக்கும், கண்டபடி கொட்டிய உதவிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நாகப்பட்டினத்தில் 2005 சனவரியின் தொடக்கத்திலேயே, சிநேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையத்தைத் தொடங்கின. யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டதே பெரிய உதவியாக இருந்தது.

நம்மைப் போன்ற உழவர்களுக்கு இன்னொரு செய்தி. கடல்நீர் புகுந்த வயல்களில் உப்பும் சேறும் படிந்தன. இனி ஆண்டுக்கணக்கில் பயிர் வராது என்றார்கள். தெற்குப் பொய்கைநல்லூர் போன்ற ஊர்களில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு இருந்தவர்களும் உழவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். படிந்த சேற்றை வழித்தெடுத்து, மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து, அது பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். எதிர்பார்த்ததைவிட விரைவில் நெல் விளைந்தது. உப்பேறிய நிலத்தை விட்டுவிட்டு ஓடாமல், வருத்தாமல், பொறுமையாக உயிரூட்டினார்கள். துயரப்பட்ட மனமும் அத்தகைய நிலம்தான். அதற்கும் பருவம் வேண்டும், தழை உரம் வேண்டும், உப்பைக் கழுவிக்கொண்டு போகக் கண்ணீரும் வேண்டும்.

யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில் ஓர் அழகான காட்சி உண்டு. சிலுவைச் சாவால் உடைந்துபோன சீடர்கள் மீண்டும் மீன்பிடிக்கப் போகிறார்கள். இரவு முழுவதும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். அவரிடம் மீன் இருக்கிறது. இருந்தும் நீங்கள் இப்போது பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். சீடர்களின் உழைப்பும் அந்த விருந்தில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். உதவி செய்கிறவர் கற்க வேண்டிய பாடம் இது. பிழைத்தவரை வாங்குகிறவராகவே வைத்திருக்கக் கூடாது. அவர் தருவதையும் நாம் வாங்க வேண்டும்.

நாசரேத்து: வீடு

தொழிலுக்கு அடுத்தது வீடு. முதலில் தந்தவை தார்த்தாள் வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகள். வரிசை வரிசையாக, நெருக்கமாக, வெயிலில் கொதித்தன. 2005 இறுதியில் பெய்த மழையில் பல கொட்டகைகளில் தண்ணீர் நின்றது. சில மாதங்களுக்கு என்று போட்டவற்றில் மக்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். எகிப்து நீண்டுகொண்டே போனது.

2005 மார்ச் இறுதியில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, நிரந்தர வீடுகளுக்கு வழிவகுத்தது. ஒரு வீட்டுக்கு மதிப்பு 1.50 இலட்சம் ரூபாய். கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு அதற்கு அப்பால் புதிய வீடு. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் தரப்பட்டது நல்ல மாற்றம். அரசு நிலம் தர, பல தொண்டு நிறுவனங்களும், நம் கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ் இந்தியா, தஞ்சை மறைமாவட்டத்தின் பல்நோக்குச் சமூகப்பணிச் சங்கம் போன்ற அமைப்புகளும் வீடுகள் கட்டின.

ஆனால் மீனவருக்குக் கடலைப் பார்க்காமல் வீடு இல்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் தொழிலுக்குப் போக முடியும். படகுக்குக் காவல் வேண்டும். வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் இடம் வேண்டும். தூரத்தில் வயல் நடுவே வரிசையாகக் கட்டிய வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அங்கே அவர் விருந்தாளிதான். மக்களை உட்காரவைத்து, சமையல் எங்கே, திண்ணை எங்கே, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் என்று கேட்டுக் கட்டிய இடங்களில் குடியிருப்பு ஊராக மாறியது. கேட்காமல் கட்டிய இடங்களில் சில வீடுகள் பூட்டியே கிடந்தன.

எண்ணப்படாதவர்கள்

ஒரு வேதனையான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. இழப்பு என்றால் படகு, வலை என்று எண்ணிக் கணக்கெடுத்தபோது, படகே இல்லாதவர்கள் கணக்கில் வரவில்லை. கூலி வேலைக்குப் போன தலித் மக்கள், உப்பளத் தொழிலாளர்கள், இருளர், மீன் விற்ற கைம்பெண்கள் எல்லாரும் பிந்தியே எண்ணப்பட்டார்கள். சில முகாம்களில் தலித் குடும்பங்கள் தனியே ஒதுக்கப்பட்டன, குடிநீருக்கும் தடை இருந்தது. அலை சாதி பார்க்கவில்லை. அலைக்குப் பின் வந்த நாம் பார்த்தோம். திருவிழாவிலும் கல்லறையிலும் இந்தப் பாகுபாட்டை வளர விட்டால், பேரிடரின்போது அது திடீரென்று மறைந்துவிடாது. இன்று நம் பங்கில் எப்படி இருக்கிறோமோ, நாளை முகாமிலும் அப்படியே இருப்போம்.

பிள்ளைகள்

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் இயங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக வந்த திரு. ஜெ. இராதாகிருஷ்ணன் அந்தப் பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டார். பணி மாறிச் சென்ற பிறகும் அவர்களைத் தேடி வந்தார். அவர்களில் ஒரு பெண்ணின் திருமணத்தை 2022-இல் முன்னின்று நடத்தி வைத்தார். இடையே 17 ஆண்டுகள். உதவி என்பதற்கு அளவுகோல் வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளலாம். கொடுத்தது எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டு உடனிருந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை இழந்த தாய்மார்களும் இருந்தார்கள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று அறுவை செய்துகொண்டவர்கள் இருந்த பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றார்கள். மீண்டும் கருவுறுவதற்கான மறு அறுவையை அரசு இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. சிலர் வீட்டில் தொட்டில் மறுபடியும் ஆடியது. பலர் வீட்டில் ஆடவில்லை. ஆபேலை இழந்த ஏவாளுக்குக் கடவுள் சேத்தைத் தந்தார். ஆனால் சேத்து பிறந்ததால் ஏவாள் ஆபேலை மறந்தாள் என்று திருவிவிலியத்தில் எங்கும் இல்லை. புதிய பிள்ளை புதிய பிள்ளைதான். பழைய பிள்ளையின் இடம் காலியாகவே இருக்கும். அந்த இடத்தை நிரப்பிவிட முயலாமல், மதித்து விட்டுவைப்பதே அன்பு.

உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயத்தின் தழும்புகள் இருந்தன. உயிர்ப்பு அவற்றை அழித்துவிடவில்லை. மறுவாழ்வு என்பதும் அப்படியே. மறந்துவிடுவது மறுவாழ்வு அல்ல. தழும்போடு மற்றவர்களுக்குக் கதவைத் திறப்பதே மறுவாழ்வு.

நாம் என்ன செய்யலாம்?

அன்புக்குரியவர்களே, நம் ஊர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஆறு எப்போதும் வறண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். எச்சரிக்கை வந்தால் பொருளைப் பார்க்காமல் மேட்டுக்குப் போகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆழிப்பேரலைக்குப் பின்னரே, 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது. நம் ஊர் அளவில் முதியோர், நோயாளிகள், கருவுற்ற தாய்மார் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அன்பியங்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தால், அதுவும் ஓர் எச்சரிக்கை மையமே.

இடர் நேர்ந்த வீட்டுக்குப் போகும்போது முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள். பழைய துணி வேண்டாம். சாவு நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாளோடு போவதை நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் மாதம் போங்கள். ஆண்டு நினைவு நாளில் போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று தயங்க வேண்டாம். அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

நான் எழுதிக்கொண்ட அந்த ரசீது மை மங்கிப் போய் இன்றும் என் திருப்பலிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று இரண்டு பெயர்களையும் பீடத்தில் வாய்விட்டுச் சொல்கிறேன். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான்.

மன்றாடுவோம்.

அன்பின் இறைவா, ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்தில் அடைக்கலம் புகுந்த உம் திருமகனைப் போல, இன்று வீடும் உறவும் இழந்து நிற்கும் எல்லாரையும் உம் கரத்தில் ஏந்தும். ஆழிப்பேரலையிலும் வெள்ளத்திலும் தீயிலும் விபத்திலும் இறந்த எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நிறை அமைதி தாரும். பிழைத்ததற்காகத் தங்களையே நொந்துகொள்வோரின் பாரத்தை இறக்கி வையும். யோசேப்பைப் போல் அச்சத்தோடாவது எழுந்து நடக்க அவர்களுக்கு வலிமை தாரும். அவர்கள் நாசரேத்தை அடையும்வரை கூடவே நடக்க எங்களுக்குப் பொறுமை தாரும். அடைக்கல அன்னையே, உம்மை நாடி வந்தவரை நீர் கைவிடாதது போல, எங்களை நாடி வருபவரை நாங்களும் கைவிடாதிருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆமென்.